படகில் படம் வரவில்லை

வெள்ளிக்கிழமை காலை வோபர்ன் தமிழ்க்கடையில், முருங்கைக்காய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றபடி, கிளடிஸ் தன் வாயாலேயே தன் மானத்தை வாங்கிக்கொண்டாள்.

எதிரே யோகமலர் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கிளடிஸ் முன்பு மார்க்கம் நகரில் இருந்தபோது பக்கத்துத் தெருக்காரி, இருபது வருசப் பழக்கம். கிளடிஸ் முகம் நிறையச் சிரிப்போடு கேட்டாள்.

"என்ன யோகமலர், கண்டு கனகாலம்! அண்ணை என்ன செய்யிறார்? முழங்கால் நோ எல்லாம் சுகமோ?"

யோகமலரின் கணவர் இறந்து அன்றைக்குப் பதினாறு நாள் ஆகியிருந்தது.

யோகமலர் கையிலிருந்த வெண்டிக்காயைப் பெட்டிக்குள் போட்டாள், வண்டிலை நின்ற இடத்திலேயே விட்டாள், கடையை விட்டு வெளியேறினாள். கூட வந்த அவளுடைய தங்கை மட்டும் நின்று, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "அத்தான் மோசம் போய்ச் செத்தவீடும் முடிஞ்சுது. நாலு நாள் ரீவியில போட்டது. கிளடிஸ் ஏன் வரேல்லை, ஏன் வரேல்லை எண்டு அக்கா கேட்டுக்கொண்டே இருந்தவ. இப்பதானே விளங்குது."

ரொறொன்ரோவில் யாழ்ப்பாணத்துச் சனம் வீடு வீடாகப் போன் எடுத்துச் சாவு சொல்வதில்லை. தமிழ்ச் சனலில் மரண அறிவித்தல் போகும். படம், பெயர், பிறந்த ஊர், உடலைப் பார்வைக்கு வைக்கும் இடம், நேரம். அது போனால் ஊருக்கே சொன்னதாகக் கணக்கு. வராதவர்கள் வேண்டுமென்றே வராதவர்கள். பார்க்கவில்லை என்பதை ஒருவரும் நம்பமாட்டார்கள், ஏனென்றால் பார்க்காதவர் என்று ஒருவர் இந்த நகரத்தில் இல்லை. மார்க்கம் வீட்டில் இருந்த காலத்தில் கிளடிஸும் அப்படித்தான். பின்னேரம் ஐந்தரைக்குத் தேத்தண்ணியோடு கதிரையில் உட்காருவாள். முதலில் செத்தவர்களைப் பார்ப்பாள், பிறகு நாடகம் பார்ப்பாள்.

இப்போது ஆறு மாதமாக அவளுக்கு ரீவி இல்லை. காரணம், அவள் படகில் இருக்கிறாள்.

ஆம், படகில்தான். இதைக் கேட்டுச் சிரித்தவர்களின் பெயரெல்லாம் அவளுக்குப் பாடம். ஸ்காபரோ மலைமுகட்டுக்குக் கீழே, ஏரிக்கரைப் படகுத்துறையில், ஐம்பத்தெட்டு அடி நீளமும் ஏழடி அகலமுமாக ஓர் இரும்புப் பெட்டி கட்டிக் கிடக்கிறது. இங்கிலாந்தில் கால்வாய்களில் ஓடுகிற ஒடுங்கிய படகுகளைப் பார்த்து, யாரோ ஓர் ஆங்கிலேயக் கிழவன் பீற்றர்பரோவில் செய்வித்தது. அவன் கண்ணை மூடியதும் அவன் மனைவி விற்றுத் தலைமுழுகினாள். கிளடிஸின் கணவர் மரியரட்ணம் அதைப் போய் வாங்கினார். கார்ச்சாமான் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருசம் நின்று வேலை செய்த மனுசன், ஓய்வு கிடைத்த மறுமாதமே வீட்டை விற்கச் சொல்லி நின்றார்.

"ஒரு சமருக்கு, இந்தக் கோடைக்கு மட்டும்தான் கிளடிஸ்," என்று சொல்லித்தான் ஏற்றினார். "செப்ரெம்பரில இறங்கி ஒரு கொண்டோ வீடு பார்ப்பம்."

செப்ரெம்பர் போய், ஒக்ரோபரும் போனது. கொண்டோவைப் பற்றிக் கேட்டால் மனுசன் விறகு வெட்டப் போய்விடுவார். நவம்பர் முதலாம் திகதி விறகடுப்புக்குப் புதிய குழாய் பூட்டினார். பனிக்காலத்துக்கும் இங்கேதான் என்பது கிளடிஸுக்கு அப்போதுதான் விளங்கியது. பச்சைப் பொய் சொல்லி ஏமாற்றிவிட்டார் என்பதும் விளங்கியது.

அந்தப் படகில் எல்லாமே ஒரே வரிசை. அடுப்பு, இருக்கை, குசினி, கழிப்பறை, கடைசியில் கட்டில். ஒருவர் வந்தால் மற்றவர் சுவரோடு ஒட்டி வழிவிட வேண்டும். கிளடிஸுக்கு இதில்தான் ஆகப் பெரிய கோபம். சண்டை பிடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்ப் படுக்க ஓர் அறை வேண்டாமா? இங்கே கோபித்துக்கொண்டு போனாலும் ஏழடிக்குள்தான் போக வேண்டும், போகிற வழியில் அவரை உரசிக்கொண்டுதான் போக வேண்டும்.

தனியாகப் போவதென்றால் அவள் என்றோ போயிருப்பாள். வோபர்னில் மகள் நிலாணியின் வீட்டுப் பேஸ்மெந்தில் கட்டில், மெத்தை எல்லாம் தயார். ஆனால் கட்டின மனுசனைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தாள் என்று கோயிலில் ஒருத்தி சொல்ல அவள் விடமாட்டாள். அதோடு, முப்பத்துநாலு வருசம் திட்டித் திட்டியே பக்கத்தில் படுத்த மனுசன். அந்தக் குறட்டைச் சத்தம் இல்லாவிட்டால் அவளுக்கு நித்திரை வராது. இதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை, அவருக்கு நிச்சயமாகச் சொன்னதில்லை. அவளுக்கு வேண்டியது இந்தப் படகை விட்டு இறங்குவது. இறங்கும்போது அவரையும் இழுத்துக்கொண்டு இறங்குவது. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும்.

கடையிலிருந்து நிலாணிதான் காரில் கூட்டி வந்தாள். கிளடிஸ் படகுக்குள் கால் வைத்ததும் ஆரம்பித்தாள்.

"யோகமலரின்ர மனுசன் செத்துப் பதினாறு நாளாம். நான் போய் முழங்கால் சுகமோ எண்டு கேட்டுப்போட்டு வாறன். கேட்டுதோ? செத்த மனுசன்ர முழங்கால்!"

மரியரட்ணம் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "உனக்கு வாய் கொஞ்சம் கூடத்தானே."

"என்ர வாயோ? ரீவி இல்லாத வீட்டில என்னை இருத்தினது ஆர்? இது வீடோ? சவப்பெட்டியில கூட இதைவிடக் கொஞ்சம் புரண்டு படுக்கலாம்!"

"உனக்கெண்டு இன்ரநெற் பெட்டி வாங்கித் தந்தனான்தானே."

"அந்த வட்டம் சுத்துறதைப் பார்க்கவோ? அது சுத்துது, நான் பாத்துக்கொண்டிருக்கிறன். மலைக்குக் கீழ சிக்னல் இல்லையெண்டு தெரிஞ்சுதானே கொண்டு வந்து கட்டினனீங்கள்?"

கிளடிஸ் எவ்வளவு திட்டினாலும் 'ங்கோ'வும் 'நீங்க'ளும் விடமாட்டாள். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்காமல் ஆளைத் தோலுரிப்பாள்.

நிலாணி கையை உயர்த்தினாள். "அம்மா, அப்பா, ஸ்ரொப். பிளீஸ். பக்கத்துப் போட்காரன் பாக்கிறான்."

"பார்க்கட்டும்," என்றாள் கிளடிஸ். "நல்லாப் பார்க்கட்டும். மகள், நீ இரு. நீதான் சாட்சி." பிறகு மனுசனைப் பார்த்தாள். "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆறு மணி. அதுக்கிடையில இந்தப் பெட்டிக்குள்ள ரீவி வரோணும். வந்தால், நான் வாயைப் பொத்திக்கொண்டு பனிக்காலம் முழுக்க இதுக்குள்ள கிடப்பன். வராட்டி, படகை வித்துப்போட்டு ரெண்டு பேருமா நிலாணி வீட்டை போறம். சம்மதமோ?"

"சம்மதம்."

"வாயால சொன்னது காணாது. ஒரு சமர் எண்டதும் வாயாலதான் சொன்னனீங்கள். அந்தோனியாரில கை வையுங்கோ."

மார்க்கத்து வீட்டிலிருந்து கொண்டு வந்து, ஒரு சனலும் வராமல் சும்மா கிடந்த ரீவிப் பெட்டிக்குப் பக்கத்துத் தட்டில், படகு ஆடினால் விழாமல் இருக்கப் பசைநாடாவால் ஒட்டிய அந்தோனியாரின் சிலை, சுருவம், இருந்தது. மரியரட்ணம் கரி பிடித்த கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டு அதில் வைத்தார்.

"நீயும் வை," என்றார்.

அவளும் வைத்தாள். சுருவம் சின்னது. அவருடைய விரலில் படாமல் வைக்க இடம் தேடி வைத்தாள்.

சனிக்கிழமை காலை மரியரட்ணம் வெக்ஸ்போர்டுக்குப் போய், சிநேகிதன் ஸ்ரீதரனின் கூரையில் சும்மா கிடந்த டிஷ்ஷையும் அதன் ரிசீவர் பெட்டியையும் கழற்றிக்கொண்டு வந்தார். கம்பனிக்காரரைக் கூப்பிடவில்லையா என்றால், கூப்பிட்டார். படகு என்றதும் கம்பனிப் பெண் 'சொறி' சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

எங்கள் ஆட்களுக்கு டிஷ் பூட்ட மீற்றர் தேவையில்லை. ஒருவர் வெளியே நின்று திருப்புவார், ஒருவர் உள்ளே இருந்து கத்துவார். உள்ளே இருப்பவர் சொல்வதுதான் வேதவாக்கு. மரியரட்ணம் படகின் கூரையில் டிஷ்ஷை இறுக்கிவிட்டு, தெற்கே ஏரிப்பக்கம் முகம் பார்க்க வைத்தார். கிளடிஸ் ரீவிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"வருதோ?"

"இல்லை!"

"இப்ப?"

"இல்லை எண்டெல்லோ சொல்லுறன்!"

"இப்ப?"

"நில்லுங்கோ... ஏதோ கட்டம் கட்டமாத் தெரியுது... ஆ, வந்திட்டுது. வந்திட்டுது!"

அவளையறியாமலே வாயில் வந்துவிட்டது. ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு தமிழ் முகம். யாரோ ஒருவன் அரிசி விளம்பரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். கூரையில் மனுசன் 'ஆஹா' என்று ஒரு கூச்சல் போட்டுவிட்டு, வெற்றியோடு இறங்கித் துறையில் கால் வைத்தார். தொண்ணூற்றைந்து கிலோ இறங்கியதும் ஒடுங்கிய படகு ஒரு தரம் சாய்ந்து நிமிர்ந்தது. அரிசிக்காரன் போய்விட்டான். நீலத் திரையில் 'சிக்னல் இல்லை' என்று எழுதி வந்தது.

மரியரட்ணம் திரும்ப ஏறினார். படம் வந்தது. இறங்கினார், போனது. ஏறி, கொஞ்சம் திருப்பி, இறங்கினால் வருகிற மாதிரி வைத்தார். இறங்கினார், வந்தது. அந்த நேரம் தூரத்தில் ஒரு மோட்டார்ப் படகு போக, அந்த அலையில் எல்லாம் போனது. பத்து மணிக்குத் தொடங்கிய இந்த ஏற்ற இறக்கம் மூன்று மணி வரை நடந்தது. கிளடிஸுக்கு வயிறு நோகச் சிரிப்பு.

"பிரச்சினை இல்லை," என்று யன்னலால் தலையை நீட்டிச் சொன்னாள். "பனிக்காலம் முழுக்க நீங்கள் கூரையிலயே குந்தியிருங்கோ. நான் சாப்பாடு எறியிறன்."

"வாயை மூடு."

"ஆறு மணி வரைக்கும் மூடமாட்டன். நாளைக்கு ஆறு மணி வரைக்கும்."

அவர் துறையில் நின்று படகைப் பார்த்தார், டிஷ்ஷைப் பார்த்தார், தண்ணீரையும் பார்த்தார். பிறகு டிஷ்ஷைக் கழற்றினார். அன்றிரவு கிளடிஸ் வெற்றி பெற்றவளாகப் படுத்தாள். மனுசன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். குறட்டை மட்டும் வழக்கம்போல் வந்தது.

ஞாயிறு பூசைக்கு அவர் வரவில்லை. நிலாணியோடு கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது, துறையின் ஓரத்தில் மனுசன் சுத்தியலோடு நின்றுகொண்டிருந்தார். இருபதடி இரும்புக் குழாய் ஒன்றைத் துறையை ஒட்டித் தண்ணீருக்குள் இறக்கி, அடித்து அடித்து ஏரியின் அடிச்சேற்றுக்குள் ஊன்றியிருந்தார். தலைமட்டத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த குழாயின் நுனியில் டிஷ். அதிலிருந்து கேபிள், படகு எவ்வளவு அசைந்தாலும் இழுபடாமல் நாலு சுருள் தொங்கவிட்டு, யன்னலால் உள்ளே போனது.

கிளடிஸ் கிட்டப் போய்க் குழாயைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. படகு ஆடட்டும், துறை ஆடட்டும், அலை வரட்டும். டிஷ் ஏரியின் அடியில் காலூன்றி நிற்கிறது.

"படகுத்துறைக்காரன் விட்டவனோ?" என்று கேட்டாள்.

"வசந்தத்தில கழட்டச் சொன்னவன். பாய்மரப் படகெல்லாம் கரையேத்தியாச்சு, தெற்க ஒரு மறைப்பும் இல்லை." அவர் கண்ணில் ஒரு பளபளப்பு. "இண்டைக்கு உன்ர வாய் அடங்கும்."

அவளுக்குப் பயம் பிடித்தது. நேற்றுச் சிரித்த சிரிப்பெல்லாம் எங்கே போனதோ தெரியாது. மனுசன் வெல்லப்போகிறார். இந்த இரும்புக்குள் டிசம்பர், ஜனவரி, பெப்ரவரி, மார்ச். காலையில் எழும்பினால் யன்னலில் உள்ளேயே பனிக்கட்டி. கழிப்பறைக்குப் போகும் வழியில் முழங்கை இடிபடும். விறகுப் புகையில் சேலை நாறும். சத்தியம் செய்திருக்கிறாள், வாய் திறக்கவும் முடியாது.

மின்சார வேலை, கேபிள் வேலை எல்லாம் முடிய ஐந்து மணி. நவம்பரில் ஐந்து மணி என்றால் இருட்டிவிடும். மரியரட்ணம் வெளியே துறையில், கிளடிஸ் உள்ளே ரீவியின் முன்னால். கத்துவது கேட்க வேண்டும் என்று ரீவியின் சத்தத்தை நிற்பாட்டி வைக்கச் சொன்னதும் அவர்தான்.

"இப்ப?"

"இல்லை!"

அது உண்மைதான். நீலத் திரை.

"இப்ப?"

"இல்லை!"

அதுவும் உண்மை. அரை மணித்தியாலம் உண்மைதான் சொன்னாள். ஒவ்வொரு 'இல்லை'க்கும் நெஞ்சுக்குள் சந்தோசம் ஒரு படி ஏறியது. அந்தோனியாரே, இப்படியே ஆறு மணியாகட்டும் என்று மன்றாடினாள்.

ஐந்து முப்பத்தைந்துக்குத் திரை ஒரு தரம் துடித்தது. கட்டம் கட்டமாக ஏதோ வந்து, கலைந்து, திரும்ப வந்து நின்றது. மெழுகுதிரி எரிய, கண்ணாடி போட்ட ஒரு வயதானவரின் படம். ஊர்காவற்றுறையைப் பிறப்பிடமாகவும் ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட நீக்கிலாப்பிள்ளை என்று எழுத்து ஓடியது. ஒரு புள்ளி, ஒரு கோடு இல்லை. மார்க்கம் வீட்டில்கூட இவ்வளவு தெளிவாக வந்ததில்லை. கிளடிஸின் கை பழக்கத்தில் சிலுவை அடையாளம் போட்டது. தெரியாத ஆள், தெரிந்தவர்கள் யாருமில்லை என்று மனம் ஆறுதல்பட்டது.

"இப்ப?" என்று வெளியே சத்தம்.

அவள் வாயைத் திறந்தாள். 'வந்திட்டுது' என்று நேற்றுச் சொன்ன வாய்தான்.

"இல்லை!" என்றாள்.

திரையில் நீக்கிலாப்பிள்ளை போய், நகைக்கடை விளம்பரம் வந்தது. சிவப்புக் கூறைச்சேலையில் ஒருத்தி, கழுத்து நிறையப் பொன், பின்னால் மஞ்சள் வெளிச்சம் சுழன்றது.

"என்ன தெரியுது?"

"என்ன தெரியும்? நீலம்தான். சிக்னல் இல்லையெண்டு கிடக்கு."

"வடிவாப் பார்."

"எனக்குக் கண் தெரியும்! வலப்பக்கம் கொஞ்சம் திருப்பிப் பாருங்கோ!" திருப்பினால் போய்விடும், போனால் சொன்னது உண்மையாகிவிடும் என்பது அவள் எண்ணம்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார்: "திருப்பிப்போட்டன். இப்ப?"

கூறைச்சேலைக்காரி அசையாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். படம் இம்மியும் மாறவில்லை. ஆனால் தொடங்கிய வாய் நிற்கவில்லை.

"இல்லை!"

"அந்தோனியார் அறிய?"

சுருவம் ரீவிக்குப் பக்கத்தில் நின்றது. விளம்பரத்தின் மஞ்சள் வெளிச்சம் அதன் முகத்தில் விழுந்து விழுந்து எழும்பியது. அவள் அதைப் பார்க்காமல் சொன்னாள்.

"அந்தோனியார் அறிய, இல்லை."

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. வெளியே திருகுசாவி இரும்பில் உரசும் சத்தம் கேட்டது. நட்டை இறுக்குகிறார். ஒன்றை இறுக்கி, அடுத்ததை இறுக்கி, மூன்றாவதையும் நன்றாகக் கிறீச்சிட இறுக்குகிறார். படம் வராத டிஷ்ஷை ஒருவன் ஏன் இறுக்குகிறான்? கிளடிஸ் எழும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தாள்.

"வராததை ஏன் இறுக்கிறியள்?" என்று கேட்கத் தொடங்கியவள் பாதியில் நின்றுவிட்டாள்.

துறைக்கும் படகுக்கும் நடுவில் கிடந்த கறுத்தத் தண்ணீர் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக ஆடியது. படகின் யன்னலால் ரீவி வெளிச்சம் அப்படியே தண்ணீரில் விழுந்திருந்தது. விளம்பரம் முடிந்து நாடகம் தொடங்க, சிவப்பு போய்ப் பச்சை வந்து, பச்சை போய் வெள்ளை வந்தது. துறைப் பலகையிலும், மரியரட்ணத்தின் சப்பாத்திலும்கூட. அரை மணித்தியாலம் அதே இடத்தில் நீலமாகக் கிடந்த வெளிச்சம் எப்போது மாறியது என்பதை, அங்கே நின்ற மனுசன் அவளுக்கு முன்னால் கண்டிருக்கிறார். கண்டுவிட்டுத்தான் கேட்டிருக்கிறார். ஒரு தரமல்ல, நாலு தரம்.

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளைப் பார்க்கவில்லை.

கிளடிஸுக்கு வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. வெட்கம் வந்தால் அவளுக்குக் கோபம்தான் வாயில் வரும். "என்ன பார்க்கிறியள்? நீங்கள் சொல்லாத பொய்யோ? ஒரு சமர் எண்டு சொல்லித்தானே ஏத்தினனீங்கள்? அந்தப் பொய்யிலதானே ஆறு மாதமா இதுக்குள்ள வெந்து சாகிறன்?"

"ஓம்," என்றார். "பொய்தான் சொன்னனான். உண்மை சொன்னால் நீ வரமாட்டாய். நீ கூட இருக்கோணுமெண்டு சொன்ன பொய். நீ சொன்னது என்னத்துக்கு? போறதுக்கு. அதுவும் அந்தோனியாரைச் சாட்சி வைச்சு."

என்னுடையதும் உங்களைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்ன பொய்தான், விசரா, என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. முப்பத்துநாலு வருசமாகச் சொல்லிப் பழகாத சொல், வாய்க்குள்ளேயே நின்றது. அது வெளியே வருமுன் துறையின் பலகைகளில் நிலாணியின் காலடிச் சத்தம் கேட்டது. கையில் கொத்துரொட்டிப் பை.

"சோ? ஆர் வின் பண்ணினது?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், திறந்த கதவால் உள்ளே எட்டிப் பார்த்தாள். "அப்பா! இற்ஸ் ஓன்! ஐயோ, எவ்வளவு கிளியரா வருது! நீங்கள் ஒரு ஜீனியஸ்!"

"எனக்கு வந்தது," என்றார் மரியரட்ணம். "அம்மாவுக்கு வரேல்லையாம். அந்தோனியார் அறியச் சொல்லிப்போட்டா. நீ அவவைக் கூட்டிக்கொண்டு போ."

நிலாணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல மெல்லக் கழன்றது. "வாட் டு யூ மீன்? அப்ப நீங்கள்?"

"நான் வரேல்லை. வந்த படத்துக்கு நான் ஏன் படகை விக்கோணும்?"

"அம்மா?" என்றாள் நிலாணி.

ஒரு சொல் போதும். வந்தது என்று ஒரு சொல். சொன்னால் பொய் சொன்னவளாக மகளுக்கு முன்னால் நிற்க வேண்டும், அந்த மனுசன் வென்றவராக நிற்பார், அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஏப்ரல் வரை அந்த ஏழடிக்குள் அவரோடு கிடக்க வேண்டும். சொல்லாவிட்டால் படகை விட்டு இறங்கலாம், தனியாக. கிளடிஸுக்கு இரண்டும் நன்றாகத் தெரிந்தது. அவர் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார், அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நின்றார் என்பதும் தெரிந்தது. அப்படி அவர் காத்துக்கொண்டு நின்றதுதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது. என்னைக் கெஞ்ச வைத்துப் பார்க்கப் போகிறாரா?

"ஓம்," என்றாள். "வரேல்லை."

பையெடுக்க உள்ளே போனாள். உடுப்பெல்லாம் படகின் கடைசியில், கட்டிலுக்குக் கீழே. போவதற்கும் வருவதற்கும் ரீவியின் முன்னால் ஒரே வழிதான். ஆறு மாதமாக ஏங்கிய நாடகம் கைக்கெட்டும் தூரத்தில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. படம் வராத ரீவியைக் கடந்து போகிறவள் எப்படிப் போவாளோ, அப்படித் தலையைத் திருப்பாமல் போனாள். நாலு சேலையும் மருந்துப் பெட்டியும் அடைத்துக்கொண்டு, அதே மாதிரித் தலையைத் திருப்பாமல் வந்தாள். அந்தோனியாரை எடுக்கவில்லை. எடுக்க முகமில்லை.

துறையில் மரியரட்ணம் வழிவிட்டு ஓரமாக நின்றார். போகாதை என்று ஒரு சொல் அவருக்கும் போதும். அவரும் சொல்லவில்லை. கேபிள் சுருளைச் சரிபார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டார்.

மலைமுகட்டுச் சாலையில் கார் ஏறியது. மேலே கிங்ஸ்ரன் ரோட்டுச் சிவப்பு விளக்கில் நின்றபோது கிளடிஸ் யன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:

"வந்தது பிள்ளை. வடிவா வந்தது."

"தெரியும் அம்மா. அப்பாவுக்கும் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டும் ஏன் என்னைப் போகச் சொன்னவர்?"

"தெரிஞ்சபடியாத்தான் அம்மா."

விளக்கு பச்சையாகியது. பின்னால் நின்ற கார்க்காரன் கோர்ன் அடித்தான். "காரைத் திருப்பட்டோ?" என்று நிலாணி கேட்டாள், ஒரு கையால் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தாயின் முகத்தைப் பார்த்து.

கிளடிஸ் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்தாள்.

"வேண்டாம்," என்றாள். "நேர போ."